ஆறாவது கொக்கி

பக்கத்து வீட்டு அக்கா தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கியதும் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிய பெண் எங்கள் லைன் வீட்டில் ஒருத்திகூடக் கிடையாது. கிளம்ப முடியாது. கொக்கி இருக்காது. கீழ் மடிப்பு எம்மிங் பண்ணாமல் பிரிந்து நிற்கும். மற்றதெல்லாம் சரியாக இருக்கும். கழுத்து வெட்டு அவ்வளவு அழகு, கை தோளில் கச்சிதமாக உட்காரும், அளவில் ஒரு நூல் பிசகாது. எல்லாவற்றையும் முடித்துக் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம்தான் என்கிற இடத்தில் மிஷினைவிட்டு எழுந்து போய்விடுவார்.

வெறுமனே அனுப்பவும் மாட்டார். ஜாக்கெட்டுக்குள் ஒரு காகித மடிப்பு இருக்கும். அதில் ஆறு கொக்கி, ஓர் ஊசி, துணியின் நிறத்திலேயே கொஞ்சம் நூல். அந்த நிறத்தில் நூல் கிடைக்கவில்லை என்று ஷேர் ஆட்டோ ஏறி ஊத்துக்கோட்டைக்குப் போய் வந்த ஆள் அவர். அவ்வளவு தூரம் போய் நூல் வாங்கி வருகிறவருக்கு அதை ஊசியில் கோத்து நாலு தையல் போட என்ன கேடு என்று கேட்காதவர்கள் இல்லை. 

"மீதிய நீ பாத்துக்கோ பாப்பா" என்பார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே இருந்தது எங்கள் லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அப்பா தலைமுறை வயலில் வேலை செய்தது. நாங்கள் எல்லாரும் கம்பெனி. எனக்குத் தேர்வாய் கண்டிகையில், கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில், தரம் பார்க்கிற வேலை. பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஏதாவது குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைக்க வேண்டும். பார்த்துப் பார்த்து என் புத்தியே அப்படி ஆகிவிட்டது. அம்மா சுட்ட தோசையில் ஓரம் பிய்ந்திருந்தால் எனக்குத் தோசை தெரியாது, ஓரம்தான் தெரியும். அப்படிப்பட்ட எனக்குப் பக்கத்து வீடாக வந்து வாய்த்தார் அவர்.

அரைகுறை அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. குழாயடியில் யாராவது "அரைகுறை அக்கா, கொடத்த எடுங்க" என்றால் அவர்பாட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார். தையலில் மட்டும்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம். மார்கழியில் வாசலை அடைத்துப் புள்ளி வைத்துப் பெரிய கோலமாக ஆரம்பிப்பார். ஒரு பக்கத்து இழுப்பு மட்டும் பாக்கி இருக்கும்போது அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிடும். அந்தப் பக்கத்தை அம்மா போட்டு முடிப்பார், திட்டிக்கொண்டே. டிவி சீரியல் கதை சொல்ல ஆரம்பித்தால் நமக்கு அழுகை வருகிற இடம் வரைக்கும் சொல்லிவிட்டு, "செரி, துணி ஒணந்துட்சி, எடுக்கணும்" என்று போய்விடுவார். கடைசி வீட்டில் இருந்த ஒடிசா பையன்களிடம் கொஞ்சம் ஹிந்தி கற்றுக்கொண்டார். கேள்வி கேட்கிற பாதி மட்டும். நன்றாகக் கேட்பார். அவர்கள் பதில் சொன்னால் ஒன்றும் புரியாது, சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு முன்னறை நிறைந்துவிடும். அவரவர் ஜாக்கெட்டை அவரவர் மடியில் போட்டுக்கொண்டு கொக்கி வைத்துக்கொண்டிருப்போம். அவர் நடுவில் உட்கார்ந்து அடுத்த வாரத்துத் துணியை வெட்டிக்கொண்டிருப்பார். வெட்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு சந்தோஷம். அப்படி ஒரு மத்தியானத்தில், எம்மிங் போட்டுப் போட்டு விரல் நொந்துபோன என் அம்மா எரிச்சலில், "சரியான அரைவேக்காடு நீ" என்று சொல்லிவிட்டார்.

அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"தோ பாருங்க பெரிம்மா, அரைகுறைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். அரைவேக்காடுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானடி?"

"எப்டி ஒண்ணாவும்? அது அடுப்புலருந்து வந்த வார்த்த. சோத்த பாதில எறக்கி ஆற வுட்டுட்டா, அப்பால திரும்ப ஏத்தினாலும் வேவாது. உள்ள நறுக்கு நறுக்குன்னுதான் கெடக்கும். கெட்டது கெட்டதுதான். அரைகுறை அளக்கிற எடத்துலருந்து வந்தது. அரைப்படி கீது, அரைப்படி கொறையுது. கொறையறத எப்ப வோணா போட்டுக்கலாம், யாரு வோணா போட்டுக்கலாம்."

மூன்றாவது வீட்டுப் பெண் சும்மா இருக்காமல், "அப்ப கத்துக்குட்டின்னா?" என்று கிளப்பிவிட்டாள்.

"அதுவும் நான் இல்ல. கத்துக்கிற ஆளு குட்டி மாரி ஒருத்தரு பின்னாடியே சுத்தும். நான் யாரு பின்னாடி சுத்தினேன்? எனக்கு நானேதான் தச்சு தச்சு பாத்துகினேன்."

எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்துவிட்டு எம்மிங்கைத் தொடர்ந்தார். ஆனால் அடுத்த நாள் வேலையில் ஸ்டிக்கர் ஒட்டும்போது அந்தப் பேச்சுத்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குறைவேலை என்றால் கெட்ட வேலை என்று யாரும் சொல்வதில்லை, மிச்சம் இருக்கிற வேலை என்றுதான் சொல்கிறோம். அரைகுறையில் அந்தக் குறைக்கு முன்னால் ஓர் அரையும் நிற்கிறது. இருப்பதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் இல்லாததைச் சொல்கிறது அந்த வார்த்தை. என் சிவப்பு ஸ்டிக்கருக்கு அந்த நியாயம் எல்லாம் தெரியாது.

நானும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கொக்கி வைக்கிற சாக்கில் நாலு பேர் வந்து உட்காரட்டும் என்றுதான் அக்கா வேண்டுமென்றே விட்டுவைக்கிறார் என்று. ஒருநாள் அதை அவரிடமே பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு கொக்கி வெக்க புடிக்காது. உருவம் தெரிஞ்சிட்சின்னா அதோட எனக்கு ஆச போயிடுது. நீ இன்னா பாப்பா, படத்துல வர்ற மாரி பேசிகினு கீற?"

என் கணக்கு தப்பு. 

ஆனால் தனியாக இருப்பது அவருக்குப் பிடிக்காது என்பது மட்டும் உண்மை. அதை நான் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அவரே வாய்விட்டுச் சொல்வார். காலையில் தெருமுனையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். லைன் வீட்டுப் பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவோம். அவர் வீட்டுக்காரர் இரும்பு உருக்குகிற கம்பெனியில், அவரும் அதற்கு முன்பே கிளம்பியிருப்பார். மகள் திருவள்ளூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா குடத்தோடு குழாயடியில் நின்று எங்கள் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் டாட்டா காட்டுவார். கடைசி பஸ்ஸும் போய், என் அம்மாவும் வயல் வேலைக்குக் கிளம்பியபிறகு சாயங்காலம் வரைக்கும் அந்த வரிசை முழுக்க அவரும் மிஷினும்தான்.

"நீங்க போனப்பறம் இங்க குருவி சத்தம் கூட இல்ல பாப்பா. எனக்கும் ஒரு அட்ட மாட்டிகினு, ஜன்னலோரமா குந்திகினு, ஒரு தபா அந்த பஸ்ல போவணும். அவ்ளோதான் வோணும் எனக்கு."

தேர்வாய் கண்டிகையில் ஒரு சட்டை கம்பெனிக்குத் தையல் ஆட்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் வார லீவில் நானே ஸ்கூட்டியில் அவரைக் கூட்டிப்போனேன். வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தவர் கேட்டுக்குள் நுழைந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மாஸ்டர் ஒருவர் வந்தார். தனித்தனியாக வெட்டி வைத்த துணிகளை ஒரு கட்டாகக் கொடுத்து, ஒரு சட்டையை முழுசாகத் தைத்துக் காட்டச் சொன்னார். அக்கா உட்கார்ந்தார். மற்ற பெண்கள் காலரில் இருக்கும்போதே அக்கா கையை இணைத்து முடித்திருந்தார். மாஸ்டர் ஒரு தடவை பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே தோன்றிவிட்டது.

அக்கா சட்டையை மடித்து, பட்டன்களையும் நூலையும் ஒரு காகிதத்தில் மடித்து அதற்குள் வைத்து, மாஸ்டர் கையில் கொடுத்தார்.

மாஸ்டர் பிரித்துப் பார்த்தார். "இன்னாம்மா, பட்டன் எங்க?"

"உள்ள கீது சார். நூலும் வெச்சிருக்கேன். மீதிய நீங்க பாத்துக்கங்க."

சொன்ன பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அந்த ஹாலே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. முழுசாகத் தைக்கிறவர்களைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் நின்ற இடத்தில் அக்கா, "வாயில வந்துட்சி பாப்பா" என்றார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் காலையில் பஸ் வருகிற நேரத்தில் அவர் வெளியே வரவில்லை. குடம் மட்டும் குழாயடியில் இருக்கும். டாட்டா காட்ட ஆள் இல்லாமல் பஸ் ஏறுவது எனக்கு என்னவோபோல் இருந்தது. சும்மா இருந்தவரை நான்தானே கூட்டிப்போனேன் என்று என்மேலேயே கோபமும் வந்தது.

அதே கம்பெனி கொஞ்ச காலம் கழித்துப் புதிதாக ஒரு வரிசை மிஷின் போட்டது. கை இணைக்க, காலர் வைக்க என்று வேலைக்கு வேலை தனித்தனியாக ஆள் கேட்டார்கள். நான் சொல்லத் தயங்கினேன். அம்மா போய்ச் சொல்லிவிட்டார். அக்கா என்னைக் கூப்பிடவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விட்டு வந்தார். சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கை மட்டும் வெக்க சொன்னாங்க பாப்பா. வெச்சேன். போதும், திங்கக்கெழமையிலருந்து வான்னுட்டாங்க." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இன்னா நெனச்ச நீ? பட்டனுக்குன்னு தனியா ஒருத்தி கீறா! மடிப்புக்கு ஒருத்தி, காலருக்கு ஒருத்தி. அந்த வரிசைல ஒருத்தியும் முழுசா தைக்கிறதில்ல. பூரா கம்பெனியும் அரைகுறைதான்!"

அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை காலையில் பவுடர் போட்டு, பூ வைத்து, பஸ் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தெருமுனையில் போய் நின்றார். அவருடைய பஸ் வேறு, என் பஸ் வேறு. அவர் பஸ் முதலில் கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டிக்கொண்டு போனார்.

என் கல்யாணம் நிச்சயமானபோது மாப்பிள்ளை வீடு பொதட்டூர்பேட்டை என்றதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "ரிசப்ஷனுக்கு இன்னா கலர்?" என்பதுதான். அவரோ இப்போது ஷிப்ட் வேலை. வீட்டுத் தையலுக்கு நேரமே இல்லை. ஆனால் வேறு கடையில் கொடுத்தால் அக்கா வீட்டு வாசலை எப்படித் தாண்டுவது?

"அக்கா, பின்பக்கம் திறக்கிற ஜாக்கெட். நானே கொக்கி வெச்சுகினு இருக்க முடியாது. இந்தத் தடவை முழுசா குடுத்துடுங்க."

"அம்மன் மேல ஆணையா முழுசா வரும். நீ போயி மஞ்சள் பூசிகினு குந்து."

முந்தின நாள் ஜாக்கெட் கவரில் வந்தது. வீடு நிறைய ஆட்கள், பேஜாரான நேரம். தொட்டதை எல்லாம் திருப்பிப் பார்க்கிற நான் அதை மட்டும் பிரித்துப் பார்க்காமல் பையில் வைத்துவிட்டேன். ரிசப்ஷன் அன்று கும்மிடிப்பூண்டி மண்டபத்து அறையில் அலங்காரம் செய்கிற பெண் பின்னால் நின்று மாட்டிக்கொண்டே வந்தாள். எம்மிங் முடிந்திருந்தது. கொக்கிகளும் இருந்தன. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"கடைசி ஒண்ணு இல்லக்கா," என்றாள்.

"என்னது?"

"அஞ்சு இருக்கு. கீழ எடம் காலியா இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் போட்ட மை கலைந்துவிடும் என்று அம்மா பயந்துவிட்டார். வேறு வழியில்லை. ஆறாவது கொக்கியின் இடத்தில் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு மேடை ஏறினேன். வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தேன்.

மேடையிலிருந்து பார்த்தால் வாசல் நேராகத் தெரியும். ஷிப்ட் முடிகிற நேரத்துக்குச் சட்டை கம்பெனி பஸ் வந்து மண்டபத்து வாசலிலேயே நின்றது. கம்பெனி கோட்டோடு ஒரு கூட்டம் பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தியையும் எனக்குத் தெரியாது. நடுவில் அக்கா. கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பட்டுப்புடவை, அதன்மேல் அடையாள அட்டை. அதைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் கழற்றியிருக்க மாட்டார்.

அந்தப் பெண்கள் மேடை ஏறினார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு வணக்கம். அதன்பிறகு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"ரெண்டாவது என்னுது. ரயில்வே கேட்ல வெச்சேன்."

"மேல இருக்குதே, அது நான். பஸ்ஸு ஓடிகினு கீறப்ப வெச்சி வெரல்ல குத்திகினேன்."

"எம்மிங் பூரா நாந்தான் போட்டேன்மா, நைனா லாரிங்களுக்கு வழிவுட்டு நின்னப்பெல்லாம் போட்டேன்," என்றார் ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு வயதான அம்மா. நைனா என்றது பஸ் ஓட்டுநரை.

கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு விளங்கியது. ஜாக்கெட் கம்பெனி பஸ்ஸிலேயே கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. கம்பெனிக்குள் வெளி ஊசி எடுத்துப் போக முடியாது, கேட்டில் பிடித்துவிடுவார்கள். அதனால் பகலெல்லாம் ஊசி ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கிற சாமி படத்து மாலையில் குத்தியிருக்கும். சாயங்காலம் பஸ் கிளம்பியதும் இறக்குவார்களாம். முன்பின் பார்க்காத ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அப்போ ஆறாவது யாருது?" என்று கேட்டேன்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"இவங்கதான் யாரையும் தொட வுடல," என்றாள் விரலில் குத்திக்கொண்ட பெண். "அது நான் வெப்பேன், நான் வளத்த பொண்ணு மாரின்னாங்க."

அக்கா தரையைப் பார்த்தார். "வெக்கலாம்னுதான் இருந்தேன் பாப்பா. நூலு கூட கோத்து வெச்சிருக்கேன்." பர்ஸைத் திறந்து காட்டினார். உண்மையாகவே கோத்து வைத்திருந்தார். "இரு, இப்பவே வெச்சிடறேன்."

மேடையிலேயே என் பின்னால் குனிந்து ஊக்கைக் கழற்றினார். போட்டோக்காரர் முறைத்தார். அன்பளிப்புப் பையோடு வரிசை நீண்டது. மாப்பிள்ளைக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை, சிரித்துக்கொண்டு நின்றார். அக்கா ஒரு தையல் போட்டார். இன்னொன்று போட்டார். கீழே யாரோ பந்தி போட்டாயிற்று என்று குரல் கொடுத்தார்கள். வெளியே நைனா ஹாரன் அடித்தார். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஊக்கைத் திரும்பக் குத்தி, ஊசியையும் நூலையும் காகிதத்தில் மடித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மீதிய நீ பாத்துக்கோ பாப்பா."

சாப்பிட்டுவிட்டுப் போகும்போது பஸ் ஜன்னலோரத்திலிருந்து டாட்டா காட்டினார். மேடையில் நின்றபடியே நானும் காட்டினேன்.

அந்த ஜாக்கெட் இப்போது பொதட்டூர்பேட்டையில் என் பீரோவில் இருக்கிறது, காகித மடிப்போடு. ஆறாவது கொக்கி இரண்டு தையலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மாமியார் ஒரு தடவை பார்த்துவிட்டு, "கொக்கி உழுந்துடப் போவுதும்மா, நான் தச்சுடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் அத்தை என்று கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன். எத்தனையோ சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கை இது. இந்த ஒன்றை மட்டும் முடிக்க மனசு வரவில்லை. ஆடிக்கு அக்கா இந்தப் பக்கம் வருகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார். வந்தால் அவர் கையிலேயே கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அவரும் முடிக்க மாட்டார்.